மஞ்சள் ஜாக்கெட்

"கழட்ட மாட்டேன்" என்று மூன்றாவது தடவையும் சொல்லிவிட்டார் மாம்பழம்.

நான் கேமராவோடு ஸ்டூல் மேல் நின்றுகொண்டிருந்தேன். எதிரே மைதானத்தில் நூற்றிருபது பைக், நூற்றிருபது ஆள். எல்லாரும் கறுப்பு ஜாக்கெட். இவர் ஒருத்தர் மட்டும் கண்ணைக் குத்துகிற மஞ்சள். கையுறையும் மஞ்சள். ஹெல்மெட் உச்சியில் ஆரஞ்சு இறகு வேறு. வயது அறுபதுக்கு மேல் இருக்கும். மாம்பழம் என்பது பைக் கிளப்பில் அவருக்கு வைத்த பெயர்.

குரூப் போட்டோவில் கறுப்பைத் தவிர வேறு நிறம் தெரியக்கூடாது என்பது கிளப் தலைவர் உத்தரவு.

காலையிலிருந்து எத்தனையோ ஆட்களைத் தனித்தனியாக எடுத்துவிட்டேன். தாடியை மூன்று பின்னலாகப் போட்டவர், விரலுக்கொரு மண்டையோட்டு மோதிரம் மாட்டிய பல் டாக்டர், நாய்க்குக் கூலிங் கிளாஸ் போட்டு முன்னால் உட்காரவைத்து வந்த கணக்கு டீச்சர். யாரும் மக்கர் பண்ணவில்லை. இவர்தான்.

எனக்கு இது முதல் வெளி ஆர்டர். ஸ்கூலை விட்டு எட்டு மாசமாக மாமா ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிறேன். மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர். இதைச் சொதப்பினால் மறுபடி வெள்ளைத் துணி முன்னாடிதான் என்று சொல்லித்தான் கேமராவைக் கொடுத்தார். நாற்பது படம் பிரிண்ட் போட்டு சாயங்காலம் கிளப் ஹாலில் மாட்டவேண்டும்.

பின் சீட்டில் இருந்த மாம்பழத்தின் வீட்டம்மா என் கட்சி.

"இந்த வயசுல என்ன கலர் கேக்குது? கூட வர்றதுக்கே கூச்சமா இருக்கு. பையன் அவ்வளவு கெஞ்சறான், கழட்டித்தான் தொலைங்களேன்."

அவர் சிரித்ததோடு சரி. அந்தம்மா தலையில் அடித்துக்கொண்டு டீ வாங்கக் கிளம்பினார். கடை இருபது அடி தள்ளித்தான். அங்கே போய்ச் சேரும்வரை இவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஒரே நிமிஷம் சார் என்றேன். பின்னாலிருந்து யாரோ, "மாம்பழம், தோலை உரிங்க" என்றார். மைதானமே சிரித்தது.

என்ன நினைத்தாரோ, கழற்றினார். ஜாக்கெட், கையுறை, ஹெல்மெட் எல்லாவற்றையும் பைக் பெட்டிக்குள் திணித்தார். யாரோ கொடுத்த கறுப்பு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு மூன்றாவது வரிசையில் போய் நின்றார். நாலு கிளிக். நச்சென்று வந்தது.

வரிசை கலைவதற்குள் அந்தம்மா இரண்டு பேப்பர் கப்போடு திரும்பி வந்தார். மூன்றாவது வரிசை ஓரமாகவே நடந்தார். மாம்பழத்துக்கு ஒரு கை தூரத்தில் கடந்து போனார். நிற்கவில்லை. கடைசிவரை போய்த் திரும்பி, மறுபடி அவரைக் கடந்தார்.

பிறகு நடுவில் நின்றுவிட்டார். டீ கையில் வழிகிறது. அது அவருக்கு உறைக்கவில்லை.

மாம்பழம் ஓடினார். அந்த வயதில் ஓட்டம் என்று சொல்ல முடியாது, ஆனால் ஓடினார். பைக் பெட்டியிலிருந்து மஞ்சள் ஜாக்கெட்டை உருவி மாட்டிக்கொண்டார். ஜிப்கூடப் போடவில்லை, அந்தம்மா திரும்பி நேராக அவரிடம் வந்தார்.

"எங்க போய்த் தொலைஞ்சீங்க?"

"பாத்ரூம் போயிருந்தேன்."

"அதானே. இங்க இருந்திருந்தா எனக்குத் தெரியாமப் போயிருக்குமா?"

எனக்குப் பொய் பிடிக்காது. கொஞ்ச நேரம் கழித்து அவரைத் தனியாகப் பிடித்து, "எதுக்கு சார் பொய்? போட்டோவுல மூணாவது வரிசையில இருக்கீங்க" என்றேன்.

அவர் என் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார்.

"மெதுவா, தம்பி. ரெண்டு வருஷமா அவளுக்கு முகமெல்லாம் புகை மாதிரிதான். அடிக்கிற கலர்னா பிடிபடுது. பார்க்காத டாக்டர் இல்ல. அதைப் பத்திப் பேசினா அவளுக்குப் பிடிக்காது. எல்லாம் நல்லாத் தெரியுதுன்னு சொல்லிட்டிருக்கா. நானும் நம்பிட்டிருக்கேன்."

"அதுக்கு ஊரே உங்களைக் கிண்டல் பண்ணணுமா?"

"பண்ணட்டுமே. அந்தச் சத்தத்தை வெச்சும் நான் எங்க இருக்கேன்னு கண்டுபிடிச்சிருவா."



ஸ்டுடியோவுக்கு வந்ததும் மாமா எல்லாப் படத்தையும் பார்த்தார். பரவாயில்லையே என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய வார்த்தை.

"நாப்பதையும் கறுப்பு வெள்ளையாக்கிடு. தலைவர் அப்படித்தான் கேட்டிருக்கார். அதுதான் கெத்து" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

உட்கார்ந்தேன். பின்னல் தாடி, மோதிர டாக்டர், நாய் எல்லாம் மளமளவென்று முடிந்தது. கடைசிப் படம் மாம்பழம். காலையில் பைக் மேல் தனியாக எடுத்தது, இறகும் அதுவுமாக. பட்டனைத் தட்டினேன். மஞ்சள் போய்ச் சாம்பல் ஆனது. அந்த நூற்றிருபது பேரில் அவரும் ஒருத்தர் ஆகிவிட்டார்.

சாயங்காலம் ஹாலில் நல்ல கூட்டம். பைக்கை நிறுத்த மாம்பழம் வெளியிலேயே நின்றுவிட்டார். அந்தம்மா மட்டும் உள்ளே வந்தார். வாசலிலேயே நின்று ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். அப்புறம் எதிர்ச் சுவரைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"அங்க பாரும்மா" என்றார் பக்கத்தில் நின்ற கணக்கு டீச்சரிடம். "செவுத்துல ஏறியும் அடங்கல இந்த மனுஷன்."

சிரித்துக்கொண்டே நேராக அந்தப் படத்திடம் நடந்தார்.

மாமா என் பக்கத்தில் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"நாப்பதையும்னுதானேடா சொன்னேன்?"

ஆமாம். நாற்பதையும் என்றுதான் சொன்னார்.