குளிருக்குச் சுருங்கிய ஜீப்

"நாலு டயரும் ஒரே ராத்திரியில தானா இறங்குமாய்யா?"

கேட்டவர் கொச்சியிலிருந்து வந்திருந்த கம்பெனி ஆபீசர். சாந்தன்பாறை ஏலத்தோட்டத்தின் வாட்ச்மேன் சங்கையா கைகட்டி நின்றார்.

"நான் கை வைக்கலீங்கய்யா."

"அப்ப பேயா வச்சுது? இன்னிக்கே கணக்கை முடிச்சிட்டுக் கிளம்பு."

விஷயம் இதுதான். அழகுத்தாயின் புருஷன் செத்து மூன்று மாதம். வேலைக்கு ஆளில்லாத குடும்பத்துக்கு தொழிலாளர் லயத்தில் வீடில்லை என்பது கம்பெனிச் சட்டம். அவளையும் அவள் சட்டிபானையையும் இந்த ஜீப்பில் ஏற்றி, மலையிறங்கிப் போடியில் விட்டுவிட வேண்டும். அவளுக்கோ நிறைமாதம். விடியற்காலையிலிருந்து இடுப்புவலி வேறு.

நோட்டீசில் கையெழுத்துப் போட்டவர் மானேஜர். "அந்தக் கல்நெஞ்சுக்காரன் நல்லாருப்பானா?" என்று லயமே மண்ணை வாரித் தூற்றியது. அவர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

"மாஷைக் கூப்பிடுங்க" என்றார் மானேஜர் இப்போது. "சயன்ஸ் படிச்ச ஆள். அவர் சொல்லட்டும்."

தோட்டத்துப் பள்ளி வாத்தியார் குருசாமி வந்தார். ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றினார். சக்கரத்துக்குச் சக்கரம் குனிந்து பார்த்தார். சங்கையாவின் முகத்தையும் பார்த்தார்.

"இது குளிர் பண்ணின வேலை சார்."

"என்னது?"

"சார்லஸ் விதி. காத்து சூட்டுக்கு விரியும், குளிருக்குச் சுருங்கும். நேத்துக் குளிர் என்ன லேசுப்பட்ட குளிரா?"

ஆபீசர் நம்பவில்லை. குடியரசு தினத்துக்குப் பள்ளியில் கட்டி, வாடித் தொங்கிய பலூன் ஒன்றை வாத்தியார் எடுத்து வந்தார். ஏலக்காய் உலர்த்தும் சூட்டறைக்குள் அதைக் கொண்டுபோனார். சற்று நேரத்தில் பலூன் விறைத்துக்கொண்டது. வெளியே கொண்டுவந்ததும் மறுபடி முகம் சுருங்கியது.

ஆபீசர் வாயைப் பிளந்தார். பி.காம். படித்தவர், பாவம்.

"சரி, பம்பை எடுத்துக் காத்தடிங்க."

"கெட்டுது போங்க. இப்ப அடிச்சு நிறைச்சா, வெயிலேறினதும் உள்ள இருக்கிற காத்தும் சேர்ந்து விரியும். நாலும் வெடிச்சிடும் சார். வண்டியில உட்கார்ந்திருக்கப் போறது நீங்க."

"பின்னே?"

"வெயில் வரட்டும். தானா ஊதிக்கும்."

மானேஜர் முகத்தை இறுக்கிக்கொண்டு, "சயன்ஸை மீறி நான் வண்டி எடுக்க மாட்டேன்" என்றார்.

நாற்காலி வந்தது. ஆபீசர் டயரையே பார்த்தபடி உட்கார்ந்தார். மலையை மூடிய பனிமஞ்சு விலகுவேனா என்றது.

"கொஞ்சம் ஊதின மாதிரி இல்லை?" என்று நடுநடுவே கேட்டார்.

"பின்சக்கரம் பரவாயில்லை சார்" என்றார் வாத்தியார்.

உச்சிப்பொழுதில் லயத்திலிருந்து ஒரு குழந்தை வீறிட்டது. அழகுத்தாய்க்குப் பெண் பிறந்திருக்கிறது என்று ஓடிவந்து சொன்னார்கள்.

ஆபீசர் எழுந்தே விட்டார். "பிள்ளைத்தீட்டா? அந்த ஜீப்பிலயா நானும் போறது? முப்பது கழியட்டும், அப்புறம் பார்க்கலாம்." பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். நிறைமாதத்துக்கு வளையாத சட்டம் தீட்டுக்கு வளைந்தது. நல்லதாகப் போயிற்று.

"அதுக்குள்ள அவளே வேலைக்கு எறங்கிருவா சார். வீடு நிலைச்சிரும்" என்றார் சங்கையா. கண் கலங்கியிருந்தது. "என் வேலையும் உங்களாலதான் தங்குச்சு."

வாத்தியார் அவரை ஜீப்புக்குப் பின்னால் இழுத்துப்போனார். சட்டைப்பையிலிருந்து நாலு டயர் வால்வு மூடிகளை எடுத்து உள்ளங்கையில் காட்டினார்.

"புல்லுல கிடந்தது. அந்த ஆபீசர் கண்ணுல பட்டிருந்தா உன் கதி என்னய்யா? அடுத்த தடவை காத்தைப் பிடுங்கினா மூடியைத் திரும்ப மாட்டிடு. சார்லஸ் மூடியெல்லாம் கழட்ட மாட்டார்."

சங்கையா திருதிருவென்று விழித்தார். "எம்மக மேல சத்தியமா நான் இல்ல சார்."

பின்னால் யாரோ கனைத்தார்கள். மானேஜர் நின்றிருந்தார்.

"மாஷே, அந்த மூடியை இங்கே கொடுங்க. இருட்டுல கை தவறிப் புல்லுக்குள்ள போயிடுச்சு. நான் தேடாத இடமில்லை."