நட்டநடுவில் வந்த பந்து

"இவனுக்கெல்லாம் நான் கை தட்டணுமா? மூணு வருஷத்துல மூணு காலேஜ்! எவன் அதிகமா குடுக்கிறானோ அவன் சட்டையை மாட்டிக்குவான்!"

காலேஜ் பேஸ்பால் ஆட்டத்தில் டேரியன் மட்டையோடு வந்து நின்றதுமே, பார்வையாளர் வரிசையில் வெண்டெல் ஆரம்பித்துவிட்டார்.

"மெதுவா. அவன் காதுல விழப்போகுது" என்றாள் மனைவி நடீன்.

"விழட்டுமே. அந்தக் காலத்துல நம்ம காலேஜுக்கு நம்ம ஊர்ப் பக்கத்துப் பையன்களைத் தேடிப் பிடிச்சு வளர்த்தாங்க. இப்ப சந்தையில மாடு பிடிக்கிற மாதிரி பிடிக்கிறாங்க. ஏன், நம்ம கான்சாஸ்ல பையன்களே இல்லையா?"

"கடலை சாப்பிடுங்க. வாய்க்கு வேற வேலை கிடைக்கும்."

டேரியனை எடுக்கலாமா என்று பார்ப்பதற்கென்றே பெரிய தொழில்முறை அணி ஒன்றிலிருந்து ஒருவர் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். வெண்டெலுக்கு அதுவும் பிடிக்கவில்லை.

அவருடைய இன்னொரு கோபம், இந்த வருஷம் மைதானத்துக்கு வந்திருக்கும் இயந்திரத்தின் மேல்.

மட்டைக்காரன் அடிக்காமல் விட்ட பந்து அவன் முன்னாலிருக்கும் கற்பனைக் கட்டத்துக்குள் வந்தால் 'ஸ்ட்ரைக்', அது அவனுக்குப் பாதகம்; வெளியே போனால் 'பால்', அது சாதகம். இதுவரை அம்பயர் சொன்னதுதான் தீர்ப்பு. இப்போது ஆட்டக்காரனுக்குச் சந்தேகம் வந்தால் தலையைத் தட்டிக் காட்டலாம். உடனே பந்து எங்கே போனது என்று பெரிய திரையில் இயந்திரம் காட்டிவிடும். ஊரே பார்க்கும்.

இன்று மூன்று முறை தட்டிவிட்டார்கள். மூன்று முறையும் அம்பயர் கர்டிஸ் சொன்னது தப்பு என்று திரை காட்டியது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

"கர்டிஸ், கண்ணாடிக் கடை பக்கத்துத் தெருவுலதான்!" என்று யாரோ கத்தினார்கள்.

வெண்டெல் சிரிக்கவில்லை.

"காலையில பெட்ரோல் போடும்போது கர்டிஸைப் பார்த்தேன், நடீன். 'இன்னைக்கும் மானம் போச்சுன்னா இதோட மாஸ்க்கைக் கழட்டி வெச்சிடுவேன்'னான். ஒரு நூல் தள்ளிப் போற பந்தை எந்த மனுஷன் கண்ணு பாக்கும்? மெஷினுக்கு இரக்கம் உண்டா?"

கர்டிஸின் குரல் ரொம்ப இறங்கியிருந்தது. ஒவ்வொரு பந்துக்கும் கை தூக்குவதற்கு முன் தயங்கினார்.

பந்து வந்தது. முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் இடையில், நட்டநடுவில். டேரியன் மட்டையை அசைக்கவே இல்லை.

"ஸ்ட்ரைக்" என்றார் கர்டிஸ், யாரிடமோ அனுமதி கேட்பது போல.

டேரியன் ஹெல்மெட்டைத் தட்டினான்.

வெண்டெல் எழுந்தேவிட்டார். "அடப்பாவி! நாமதான் ஏழு ரன் முன்னாடி இருக்கோமே, இன்னும் எதுக்குடா அந்த மனுஷனைப் போட்டு மிதிக்கிறே?"

கர்டிஸ் தலையைக் குனிந்துகொண்டார். எல்லோரும் திரையைப் பார்த்தார்கள்.

கட்டத்தின் மையத்தில், குத்துவிளக்குச் சுடர் போல் பந்து நின்றது. அம்பயர் சொன்னது சரி.

மைதானமே டேரியனைப் பார்த்துச் சிரித்தது. பிறகு யாரோ கர்டிஸுக்குக் கை தட்ட, எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். நடீன் விசிலே அடித்தாள். பின்வரிசைக்காரர் மட்டும் உதட்டைப் பிதுக்கினார்.

கர்டிஸ் நிமிர்ந்தார். அடுத்த பந்துக்கு அவர் போட்ட "ஸ்ட்ரைக்!" கார்கள் நிற்கும் இடம் வரை கேட்டது.

ஆட்டம் முடிந்தது. "சனிக்கிழமை பாக்கலாம், வெண்டெல்!" என்று கையாட்டியபடி கர்டிஸ் காரில் ஏறினார்.

பின்னாலேயே டேரியன் வந்தான். வெண்டெலால் சும்மா இருக்க முடியவில்லை.

"தம்பி, அந்தப் பந்து நட்டநடுவுல வந்துச்சு. எங்க வீட்டு நாய்க்குக்கூடத் தெரிஞ்சிருக்கும். உனக்குத் தெரியலையா? உன்னைப் பாக்க வந்த ஆளு உதட்டைப் பிதுக்கிட்டுப் போறான்."

"தெரியும் சார். பந்து வீசினவன் கையை விட்டு வரும்போதே தெரியும்."

"அப்புறம் ஏன் தட்டினே?"

டேரியன் பையைத் தோள் மாற்றிக்கொண்டான்.

"அவர் தப்பா சொன்னா மட்டும்தான் எல்லாரும் தட்டுறாங்க சார். சரியா சொன்னதையும் ஒரு தடவை ஊரு பாக்கட்டும்னுதான்."