ஒரு முழச் சட்டம்

சனிக்கிழமை காலை ஏழே காலுக்குக் குலேந்திரன் பெக்கோ இயந்திரத்தில் ஏறினான். மெல்பேர்ன் புறநகரின் அந்தப் பழைய உதைபந்து மைதானத்தை அன்று இடிக்க வேண்டும். வேலியருகே நின்ற வெள்ளைக்காரக் கிழவர் பார்வையாளர் மேடையின் முன்விளிம்பில் ஓடும் மரச்சட்டத்தில் தனக்கு ஒரு முழம் மட்டும் வேண்டும் என்றார். நாற்பது வருடங்களாக ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முழங்கை ஊன்றிய இடத்தைக் காட்டினார். அங்கே ஒருவர் இடத்தில் இன்னொருவர் நிற்பதில்லை.

வெளியூர் அணி உடைமாற்றும் அறையிலிருந்து வரும் ஒடுங்கிய கம்பிவலைப் பாதை அந்தச் சட்டத்துக்கு நேர் கீழேதான் மைதானத்தில் திறந்தது. இருபது வயதில், வெளியூர் அணியின் ஒரே கறுப்பனாக, குலேந்திரன் அதன் வழியே மூன்று முறை ஓடியிருக்கிறான். மூன்று முறையும் கொதிக்கும் சூப் கழுத்தில் விழுந்தது. நிமிர்ந்தால் முகத்தில் விழும் என்பதால் ஊற்றியவனை அவன் பார்த்ததில்லை.

“இங்கிருந்து நிறையப் பேரை விரட்டியிருக்கிறோம்,” என்று கிழவர் சிரித்தார். “ஒரு கறுப்பன் வருவான். எல்லோரும் சூப்பைக் குடிப்பார்கள், அவன் குளிப்பான்.”

உதவியாளன் ஜெயசீலன் மரம் அறுக்கும் வாளை எடுத்துக்கொண்டு வந்தான்.

“அண்ணை, மனுசன் பாவம். அறுத்துக் குடுப்பமே?”

“தள்ளி நில்லடாப்பா.”

இயந்திரத்தின் கை முதலில் அந்த ஒரு முழத்தின் மேல்தான் இறங்கியது. சட்டம் சிராய்களாகும்வரை திரும்பத் திரும்ப அதன் மேலேயே இறங்கியது. கிழவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, இருக்கையிலிருந்தவனின் முகத்தை முதல்முறையாக அண்ணாந்து பார்த்தார்.

“நீ இங்கே ஆடியிருக்கிறாயா?”