பிஸ்கட் துறையின் சுங்கம்

"ஆஸ்பத்திரியில படுத்திருந்த மனுஷன்கிட்டயா வரி வாங்குவே? வெட்கமா இல்லே?"

கிளெனிஸ் கேட்டாள். ராய்ஸ்டன் தேயிலைப் பையைக் கோப்பையில் முக்கிக்கொண்டிருந்தான். முக்கியதைப் பிழிந்து, இன்னொரு வேளைக்கு ஆகும் என்று ஓரமாக எடுத்து வைக்கிற ஆள் அவன்.

அல்வர்ஸ்டன் ஊரில், புல்தரையில் பந்து உருட்டி ஆடுகிறவர்களின் பவுல்ஸ் கிளப்; அதன் பின்னறை. ஞாயிறு மதியம் மூன்று மணி. ஐந்து பேர், ஐந்து மடிக்கணினி. ஆறாவது நாற்காலி காலி. அது ஆர்ச்சியுடையது.

விளையாட்டே ஆர்ச்சி கொடுத்ததுதான். கடல் கடந்து போய் ஊர் அமைக்கிற ஒரு பழைய கணினி விளையாட்டைப் பிரித்துப் போட்டு, வணிகத்தையும் வரியையும் மட்டும் தன் இஷ்டத்துக்கு மாற்றி எழுதியிருந்தார். மோட் என்பார்கள் இதை. ஞாயிற்றுக்கு ஞாயிறு ஓர் ஆட்டம். நாலு வருஷமாக நடக்கிறது. ஆர்ச்சியின் ஊருக்குப் பெயர் பிஸ்கட் துறை. பிஸ்கட், செத்துப்போன அவருடைய நாய்.

ஒன்பது வாரத்துக்கு முன்னால் ஹோபார்ட் நகரத்து ஆஸ்பத்திரியில் ஆர்ச்சிக்கு இதய ஆபரேஷன். அன்றிலிருந்து பிஸ்கட் துறையை ஆள ஆளில்லை. ஊர்க்காரர் ஆடாத வாரத்தில் பக்கத்துத் துறைமுகக்காரர் போய் அங்கே சுங்கம் வசூலிக்கலாம் என்று ஆட்டத்தில் சட்டம் இருக்கிறது. இருந்தால்? செய்துவிடுவதா?

ராய்ஸ்டன் செய்தான். ஒரு வாரம்கூடத் தவறாமல்.

"மகராசா இந்த வாரம் எவ்வளவு சுருட்டினாராம்?" என்றாள் நொயெலின்.

"ஒரு பீப்பாய் சர்க்கரை," என்றான் ராய்ஸ்டன்.

"போன வாரம்?"

"ஒரு பீப்பாய்."

"ஒரு பீப்பாய்னாலும் திருட்டு திருட்டுதான்," என்றாள் கிளெனிஸ். "பைபிள்ல 'திருடாதே'ங்கிற ஏழாம் கட்டளையில அளவு ஒண்ணும் போடலே. எங்க பள்ளிக்கூடத்து சிஸ்டர்கிட்ட நீ மாட்டியிருக்கணும். நான் வாராவாரம் ஒரு கப்பல் கோதுமையை அந்த ஊருக்கு இலவசமா அனுப்பறேன். நீ பின்னாடியே போய் உருவறே."

"ஆமா."

"ஆமாவா? அடுத்த மாசம் பொண்ணு பிரசவத்துக்கு நான் பெர்த்துக்குப் போறேன். ஏழு வாரம். அப்ப என் ஊரையும் சுரண்டுவியா?"

"ஸ்காலப் பை ஆறிப்போகுது. சாப்பிடு."

கிளெனிஸ் தன் தட்டிலிருந்த அந்தச் சிப்பிக்கறி அடைத்த அப்பத்தைத் தள்ளி வைத்தாள். "இவனை ஆட்டத்தை விட்டு எடுத்துடலாம். கை தூக்குங்க."

"இன்னிக்கு ஆர்ச்சி வர்றாரே," என்றாள் நொயெலின். "அவர் முன்னாடியே தூக்குவோம்."

ராய்ஸ்டன் தேநீரை ஊதிக் குடித்தான்.

ஆர்ச்சி வந்தார். சட்டை ரெண்டு அளவு பெரிதாகத் தெரிந்தது. மெதுவாக உட்கார்ந்தார். கையில் கணினி இல்லை.

"எங்கே உங்க கணினி?" என்றாள் கிளெனிஸ்.

"எதுக்கும்மா? எனக்குத்தான் ஊர் இல்லையே. நீங்க ஆடுங்க, பார்த்துட்டுப் போறேன்."

"ஊர் இல்லேன்னு யார் சொன்னது?"

"நான் எழுதின சட்டம் எனக்குத் தெரியாதா? ஆறு வாரம் சேர்ந்தாப்பல சுங்கச்சாவடியில ஒரு வசூலும் நடக்கலேன்னா அது கைவிட்ட ஊர். காடு மூடிடும். ஊரைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு ஆடாம இருக்கிறவங்களுக்காக நானே போட்டது. கடைசியில எனக்கே வந்து விடிஞ்சுது." ஆர்ச்சி கையைத் தடவிக்கொண்டார். "ஆறாவது ஞாயித்துக்கிழமை நர்ஸ் வந்து, 'ஏன் அழறீங்க, தையல் வலிக்குதா'ன்னு கேட்டா. நாய் ரெண்டாவது தடவை செத்துப்போச்சுன்னு அவகிட்ட எப்படிச் சொல்றது?"



"நான் வாராவாரம் கோதுமை அனுப்பினேனே," என்றாள் கிளெனிஸ்.

"இலவசமாவா?"

"பின்னே, உங்ககிட்ட காசா கேட்பேன்?"

"நல்ல மனசும்மா உனக்கு. ஆனா இலவசமா வர்றது சுங்கத்துல சேராது. யாராவது எடுத்தாத்தான் ஊருக்கு உயிர் இருக்குன்னு அர்த்தம்."

நொயெலின் தன் கணினியை அவர் பக்கம் திருப்பினாள்.

திரையில் பிஸ்கட் துறை. கலங்கரை விளக்கம். கப்பல் துறை. முந்நூறு வீடு, எல்லாக் கூரையிலும் புகை.

ஆர்ச்சி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். ரொம்ப நேரம் பார்த்தார். ஒன்பது வாரமாக அடக்கி வைத்திருந்த மாதிரி ஒரு பெருமூச்சு வந்தது.

"இருக்கே," என்றார்.

கிளெனிஸ் ராய்ஸ்டனிடம் திரும்பினாள். "இந்தச் சட்டம் உனக்குத் தெரியுமா?"

"சட்டம் எழுதின பக்கத்தை நான் படிப்பேன். நீங்க யாரும் படிக்கிறதில்லே."

"வாயைத் திறந்து சொன்னா முத்தா உதிர்ந்துடும்?"

"சொல்லியிருந்தா, பாவம்னு நீங்க நாலு பேரும் வாராவாரம் வரிசையில நின்னு வரி வாங்கியிருப்பீங்க. ஊர் தாங்குமா?"

ஆர்ச்சி சிரித்தார். சிரித்தால் தையல் இழுக்கிறது என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார்.

கை தூக்குகிற பேச்சை யாரும் எடுக்கவில்லை. ஆட்டம் தொடங்கியது. கிளெனிஸ் ஆறிப்போன அப்பத்தைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். மெல்லவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

நாலு மணிக்கு, திரையிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"ராய்ஸ்டன், அடுத்த மாசம் நான் பெர்த்துல இருப்பேன். மறக்காம வாராவாரம் என் ஊருக்கு வந்து ஒரு பீப்பாய் திருடிட்டுப் போ."