சில நாள் மட்டும்

“எங்க வந்துட்டிருக்கீங்க? சீக்கிரம் வாங்களேன், ப்ளீஸ்!” என்று போனில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள் ரிசப்ஷன் பெண். கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர் பையோடு உள்ளே நுழைந்ததும் சட்டென்று போனை மேஜைக்கு அடியில் ஒளித்தாள்.

ரிப்பேர்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலை நேரத்தில் இந்தக் கொஞ்சல் ஒரு கேடா? அந்த மருத்துவப் பரிசோதனை லேபுக்கு, ஒரே புகாருக்காக, அவர் வருவது இது மூன்றாவது தடவை. “ரிப்போர்ட் புரோகிராம் தொறக்கறதுக்குள்ள வந்தவங்க எல்லாம் தூங்கிடறாங்க. இன்னிக்கும் சரியாகலேன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்” என்று மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். இந்த லேபை விட்டால் ரிப்பேர்காரருக்கு நிரந்தரமான வேறு வாடிக்கை கிடையாது.

“இப்ப என்ன பண்ணுது?”

“ஆன் பண்ணா சுத்திக்கிட்டே இருக்கு சார். புரோகிராம் தொறக்கவே மாட்டேங்குது.”

“தினமுமா?”

“இல்ல சார், சில நாள்தான். காலைல டாக்டர் சொல்லச் சொல்ல நான்தான் ரிப்போர்ட் எல்லாம் டைப் பண்ணேன். அப்ப நல்லாத்தான் இருந்துச்சு.”

“நாள் பாத்து மக்கர் பண்றதுக்கு அது என்ன உன்னை மாதிரி ஆளாம்மா? மெஷின்!”

எதிரே இருந்த நாற்காலிகளில் ஒரே ஒரு பெண்மணி, கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். “இன்னும் தொறக்கலையாம்மா? பசங்க ஸ்கூல் விட்டு வந்துடுவாங்க, வீட்டுச் சாவி என்கிட்ட இருக்கு” என்றாள். நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனியெல்லாம் சிவந்திருந்தது.

ரிப்பேர்காரருக்கு மனசு கேட்கவில்லை. ஒரு காகிதத்துக்காக இந்தம்மாவை இப்படியா வதைப்பது? இவளுக்காகவாவது இன்றைக்கு இந்தச் சனியனை ஒரு வழி பண்ணிவிடுவது என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கம்ப்யூட்டர் கண்விழித்ததும் கூடவே தானாக எழுந்துகொள்ளும் புரோகிராம்களைப் பார்த்தார். போன தடவை வேண்டாததை எல்லாம் அவரே நிறுத்திவிட்டுப் போயிருந்தார். இப்போது பாட்டுப் போடுவது, படம் போடுவது, அரட்டை அடிப்பது என்று ஒன்று விடாமல் எல்லாம் திரும்ப வந்திருந்தன. போதாக்குறைக்கு இரண்டு ஆன்டிவைரஸ் ஒன்றோடொன்று மல்லுக்கு நின்றன.

“யாரும்மா இதையெல்லாம் மறுபடி ஆன் பண்ணது?”

“தெரியல சார். அதுவா வந்திருக்கும்.”

“அதுவா வர்றதுக்கு இது என்ன தலைவலியா?”

அவள் வாசலைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், பிறகு குரலைத் தாழ்த்தி, “சார், முதல்ல போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்களேன். நிதானமா பாத்துக்கலாம்” என்றாள்.

ரிப்பேர்காரருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டால் இவளுக்கு வேலை மிச்சம், உட்கார்ந்து போன் பேசலாம். அவர் பிழைப்புக்கு உலை வைப்பது இவள்தான். மேனேஜரிடம் சொல்லாமல் விடப் போவதில்லை.

“காத்துக்கிட்டிருக்கறவங்க முகத்தைக் கொஞ்சமாவது பாத்தியாம்மா?” என்று சீறினார்.

“அதைத்தான் சார் பாத்துக்கிட்டே இருக்கேன்.”

“வாய் மட்டும் நல்லா பேசு!”

வேண்டாததை எல்லாம் நிறுத்தினார். ஒரு ஆன்டிவைரஸைத் தூக்கி எறிந்தார். கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டார். ரிப்போர்ட் புரோகிராமை அழுத்தியதுதான் தாமதம், கண் இமைப்பதற்குள் திறந்துகொண்டது. அவருக்குத் தலைகால் புரியவில்லை.

“வாங்கம்மா, வாங்க! தொறந்துடுச்சு. உங்க பில் நம்பரைச் சொல்லுங்க!”

“சார், இருங்க, நான் எடுக்கறேன்…” என்று ரிசப்ஷன் பெண் பதறிக்கொண்டு வந்தாள். அதற்குள் நம்பரைத் தட்டிவிட்டார். பிரிண்டர் துப்பிய காகிதத்தைத் தன் கையாலேயே எடுத்துப் பெருமையோடு நீட்டினார்.

பெண்மணி நின்றபடியே படித்தாள். மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். கைப்பை நழுவிக் கீழே விழுந்தது, அதை எடுக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. ரிசப்ஷன் பெண் ஓடிப்போய்த் தாங்கிக்கொள்ளாவிட்டால் அப்படியே சரிந்திருப்பாள்.

அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு, கையெல்லாம் கிரீஸோடு ஒருவர் மூச்சிரைக்க ஓடி வந்தார். “இங்கேர்ந்து எனக்கு போன் பண்ணது யாருங்க? என் வீட்டுக்காரம்மாவுக்கு என்ன…” என்றவர், நாற்காலியில் துவண்டு கிடந்த மனைவியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

ரிப்பேர்காரர் குனிந்து, கீழே கிடந்த கைப்பையை எடுத்தார். ரிசப்ஷன் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள்.

“தனியா வர்றவங்களுக்கு மட்டும்தான் சார் நான் லேட் பண்ணுவேன்.”