ஒரிஜினல் கேரண்டி

மற்ற மூன்று பேருடைய துப்பாக்கிகளும் வந்துவிட்டன. சடையப்பனுடையது மட்டும் வரவில்லை.

தேர்தல் அறிவித்ததும் லைசென்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், முடிந்ததும் வாங்கிக்கொள்ள வேண்டும். எத்தனையோ தேர்தலைப் பார்த்துவிட்டார். ஒரு தடவையும் இப்படிக் காக்க வைத்ததில்லை.

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கேரண்டிச் சீட்டு பத்திரமாக இருந்தது.

1936-இல் இங்கிலாந்திலிருந்து அந்த இரட்டைக்குழல் துப்பாக்கியோடு வந்த சீட்டு. குழலில் விரிசல் விட்டால் செலவில்லாமல் மாற்றித் தருவதாகக் கம்பெனிக்காரன் கையெழுத்துப் போட்டிருக்கிறான். அந்தக் கம்பெனியை இழுத்து மூடி அறுபது வருஷம் ஆகிறது. யாராவது அதைச் சொல்லிவிட்டால் சடையப்பனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் காட்டுப்பன்றி விரட்டத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் சிலர் உண்டு. கேரண்டிச் சீட்டோடு வைத்திருப்பவர் தான் ஒருவர்தான் என்று கல்யாண வீடு, கருமாதி வீடு பாராமல் சொல்லிக்கொண்டிருப்பார். கேளம்பாக்கத்திலிருந்து பழைய பொருள் வாங்கும் ஒருவர் வந்து, சீட்டை ஒரே ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினார். மெஷின் வெளிச்சம் பட்டால் மை மங்கிப்போகும் என்று அவரை வாசலோடு துரத்திவிட்டார்.

ஏட்டு லதா ஒரு ஃபைலோடு வந்தார்.

"உங்களுத தர முடியாதுங்க. உங்ககிட்ட துப்பாக்கி இருந்தா உயிருக்கு ஆபத்துன்னு கலெக்டர் ஆபீசுக்கு மனு போயிருக்கு. லைசென்ஸ நிறுத்தி வெச்சிட்டாங்க."

தம்பி மணியின் வேலைதான். சடையப்பனுக்குச் சந்தேகமே இல்லை. வரப்புத் தகராறில் வாயால் ஜெயிக்க முடியாதவன் மனு எழுதிவிட்டான். அவன் குடும்பத்தையே மனதுக்குள் சபித்துக்கொண்டு ஃபைலை வாங்கிப் புரட்டினார்.

மனுவோடு ஒரு ஜெராக்ஸ் இணைக்கப்பட்டிருந்தது.

அவருடைய கேரண்டிச் சீட்டு. மூலையில் கரப்பான் அரித்த இடம்கூட அப்படியே விழுந்திருந்தது. துப்பாக்கி நம்பரைச் சுற்றி யாரோ பேனாவால் வட்டம் போட்டிருந்தார்கள்.

சீட்டு இருக்கும் பீரோவுக்கு ஒரே சாவிதான். அது அவர் மனைவி கண்ணகியின் இடுப்பில் இருக்கும். காலையில்கூட அவள்தான் சீட்டை எடுத்து, கசங்காமல் இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தாள்.

சடையப்பன் முதல் பக்கத்துக்குத் திரும்பினார். அடியில் அவள் கையெழுத்து இருந்தது.

தம்பி கழுத்தறுத்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பார். முப்பத்தொரு வருஷம் கூட இருந்தவள், காலையில் காபியும் கொடுத்து, கவரும் போட்டுக் கொடுத்து இப்படிச் செய்வாள் என்று எந்த மடையன் நினைப்பான்? சோற்றுக்கும் துணிக்கும் அவளுக்கு என்ன குறை வைத்தார்? அவருக்குத் தெரியாமல் ஜெராக்ஸ் கடை வரைக்கும் போயிருக்கிறாள்.

லதா மனுவில் ஒரு வரியின் மேல் விரலை வைத்து, இது உண்மையா என்று கேட்டார்.

சடையப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். அவருக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டுக்குள் நடப்பதைப் போய் இப்படிக் கலெக்டருக்கு எழுதுவாளா ஒருத்தி?

"நாயத்த நீயே சொல்லும்மா. எந்த வூட்ல புருஷன் பொண்டாட்டி சண்ட இல்ல? ஒரு தபாவாவது தோட்டா போட்டு அவ நெஞ்சுல வச்சிருக்கேனா?"

லதா அதை அப்படியே எழுதிக்கொண்டார்.