ஒரே வம்சத்துக் கிருமி

வெதுருகுப்பம் கிருஷ்ணப்பாவின் டைபாய்டு எந்த மாத்திரைக்கும் அடங்கவில்லை. திருப்பதி ஆஸ்பத்திரியில் அடுத்த அறையில் கிடந்த அவர் தம்பிக்கும் அதே கதிதான். இருவரின் கிருமிகளையும் மரபணுச் சோதனை செய்த ஆய்வக டாக்டர் பிரியங்கா, முடிவைச் சொல்ல கிருஷ்ணப்பாவின் அறைக்கு வந்தாள்.

"எந்த ஊசி கேக்கும்னு தெரிஞ்சுபோச்சு. ஆனா அண்ணன் தம்பி கிருமி ரெண்டும் ஒரே வம்சம். மருந்தை எதிர்க்கிற ஜீன்கூட அச்சு அசல் ஒண்ணுதான். ஒரே இடத்துல சாப்பிட்டீங்களா?"

"அந்த வீட்டுப் பச்சத்தண்ணிகூட எங்களுக்கு ஆகாதும்மா!" என்றாள் கிருஷ்ணப்பாவின் மனைவி பொன்னியம்மா. "பாகம் பிரிச்சதிலருந்து பேச்சுவார்த்தையே இல்ல."

கிருஷ்ணப்பா வேகமாகத் தலையாட்டினார்.

"கிருமி பொய் சொல்லாதுங்க" என்று சிரித்தாள் பிரியங்கா.

கிருஷ்ணப்பா மனைவியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "வாராவாரம் புத்தூர்ல... நானும் தம்பியும் ஒண்ணா பானிபூரி துன்னுகினு இருந்தோம்."

என்ன நடக்குமோ என்று பிரியங்காவுக்கே பயமாகிவிட்டது.

பொன்னியம்மாவோ நெஞ்சில் கைவைத்துப் பெருமூச்சு விட்டாள்.

"அப்பாடா! உங்களுக்குத் தெரியாம கொழுந்தனுக்கு நான் குடுத்தனுப்புற மீன் கொழம்பாலதான் வந்துச்சோன்னு பயந்தே பூட்டேன்!"